ஒரு மான் மந்தை

அந்த நகரத்துப் பூங்காவில் ஒரு மான் மந்தை இருந்தது. மந்தையில் ஒரு மான் இருந்தது.

தொடக்கத்தில் நிலைமை இப்படி இல்லை. கம்பி வேலிக்குள் கொம்போடு கொம்பு இடிக்கும் அளவுக்கு மான்கள் இருந்த காலமும் உண்டு. பிறகு சில வேறு பூங்காக்களுக்கு மாற்றலாகிப் போயின. சில வயதாகிப் போயின. ஒன்று, யாரோ அன்போடு வீசிய பிளாஸ்டிக் பையைத் தின்று போனது. கழுதை தேய்ந்து கட்டெறும்பானது போல மந்தை தேய்ந்து தேய்ந்து, இடது கொம்பு வளைந்த ஒரு கிழட்டுக் கலைமானில் வந்து நின்றது. ஆனால் அலுவலகக் கோப்புகளில் தேய்மானம் கிடையாது. அங்கே அது இன்னும் மந்தைதான். மந்தைக்குத் தீவனம், மந்தைக்கு உப்புக்கட்டி, மந்தைக்கு ஒரு காவலர்.

அந்தக் காவலரை எல்லாரும் மான்காரி என்றார்கள். காலையில் கொட்டகையைக் கூட்டி, தொட்டியைக் கழுவி, தழைக்கட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு, "வாங்க, சாப்பிட வாங்க. நேத்து மாதிரி பாதியில எந்திரிச்சுப் போயிடாதீங்க" என்பாள். மானை அவள் ஒருநாளும் 'வா, போ' என்றதில்லை. வேலிக்கு வெளியே நடந்து போகிறவர்களுக்கு, உள்ளே நாலு பேர் பந்தியில் உட்கார்ந்திருப்பது போலத்தான் கேட்கும்.

மான்காரியின் வேலை உத்தரவில் ஒரு வரி இருந்தது. 'மந்தை உள்ளவரை இப்பணியிடம் உண்டு.' வேலைக்குச் சேர்ந்த நாளில் அந்த வரி அவளுக்கு ஆயுள் காப்பீடு போலத் தெரிந்தது. மந்தை எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தாள். இப்போது மான் இருமினால் அவள் அந்த வரியை எடுத்து மறுபடி படித்தாள்.

வினை ஒரு பெயிண்டர் ரூபத்தில் வந்தது.

மான் கொட்டகை முன்னால் இருந்த ஆங்கில அறிவிப்புப் பலகை வெயிலில் வெளுத்துவிட்டது. அதைப் புதுப்பிக்க வந்த பெயிண்டர், 'தி ஹெர்ட்' என்று எழுதி முடித்து, அடுத்த சொல்லுக்குத் தூரிகையைத் தோய்த்தார். மந்தை கூச்ச சுபாவம் உடையது, தொந்தரவு செய்யாதீர்கள் என்பது விஷயம். பூங்காவின் சூப்பிரண்டு கொடுத்த துண்டுக் காகிதத்தில் 'இஸ்' என்று இருந்தது. அந்நேரம் பார்த்துக் காலை நடைக்கு வந்த ஒருவர், கையை வீசுவதை நிறுத்தாமல், "இஸ் இல்ல. ஆர். மந்தைன்னா பல" என்று சொல்லிவிட்டு வளைவில் மறைந்தார். அடுத்த சுற்றில் வந்தபோது, "மாத்தலேன்னா மேல எழுதிப் போடுவேன்" என்றார். அவருக்கு அதற்குள் மூச்சு வாங்கியதால் மிரட்டல் இரண்டு தவணையாக வந்தது.

பெயிண்டர் தூரிகையோடு சூப்பிரண்டிடம் போனார்.

"சார், இஸ்ஸா ஆரா, ஒண்ணு சொல்லுங்க. பெயிண்ட் காயுது."

சூப்பிரண்டு, எந்த முடிவையும் தன் கையால் எடுத்ததில்லை என்ற நற்பெயரோடு ஓய்வு பெறும் கனவில் இருந்தவர். "நான் சொன்னா சரியா இருக்காது. குழுகிட்ட அனுப்பிடலாம்" என்றார்.

குழு என்பது பூங்காவின் மொழிச் சீர்மைக் குழு. ஆங்கிலப் பலகைகளில் பிழை நேராமல் காப்பதற்காக ஐந்து அறிஞர்களை வைத்து அமைத்தது. அவர்களில் ஒருவர் மகன் இருக்கும் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். இன்னொருவர் உலகத்தை விட்டே போய்ச் சேர்ந்தார். மூன்றாமவர் ஒரு கால்புள்ளிக்காகச் சண்டை போட்டுக்கொண்டு விலகினார். நான்காமவர் தாம் உறுப்பினர் என்பதையே மறந்துவிட்டார். ஞாபகப்படுத்தினால் யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று கேட்டார். மிஞ்சியது ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர். ஆகவே பூங்காவில் அவருக்கே குழு என்று பெயர் வந்துவிட்டது. குழு வந்தார், குழு தும்மினார், குழு செருப்பைத் தேடுகிறார் என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

ஆள் குறைந்ததே தவிர முறை குறையவில்லை. கூட்டம் நடந்தால் ஐந்து நாற்காலி போட வேண்டும், ஐந்து டீ வர வேண்டும். குழு முதல் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கருத்தை முன்மொழிவார். எழுந்து போய் இரண்டாவதில் உட்கார்ந்து வழிமொழிவார். மூன்றாவதில் உட்கார்ந்து கடுமையாக எதிர்ப்பார். குறைந்தது இரண்டு உறுப்பினர் இருந்தால்தான் கூட்டம் செல்லும் என்பது விதி. அதற்காகத் தம் குடையை ஒரு நாற்காலியில் சாய்த்து வைப்பார். குடை எதிலும் குறுக்கிட்டதில்லை. டீ மட்டும் ஐந்தையும் அவரே குடிக்க வேண்டியிருந்தது. அதனால் விவாதம் நெடுகப் பல இடைவேளைகள் தேவைப்பட்டன.

குழுவின் வேகம் ஊரறிந்தது. புல்லின் மேல் நடக்காதீர்கள் என்ற பலகையின் வாசகத்தை அவர் செம்மைப்படுத்தி முடிப்பதற்குள், ஜனங்கள் நடந்து நடந்து புல்லே இல்லாமல் போய்விட்டது. பலகை தேவைப்படவில்லை. 'செலவு மிச்சம்' என்று அதையும் தம் சாதனையில் சேர்த்துக்கொண்டார்.

இம்முறை குழு நேரிலேயே வந்தார். கொட்டகைக்கு எதிரே மடக்கு நாற்காலியைப் போட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மானை உற்றுப் பார்க்கத் தொடங்கினார்.

"என்ன சார் பாக்கறீங்க?" என்றாள் மான்காரி.

"நடத்தையைப் பாக்கறேன்மா. மந்தை, குழு, படை, குடும்பம் இதெல்லாம் ஆங்கிலத்துல ஒரு தனி ஜாதிச் சொல். எல்லாரும் ஒரே ஆள் மாதிரி நடந்துக்கிட்டா இஸ். ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தா ஆர். இந்த மந்தை எப்படி நடந்துக்குதுன்னு பாத்துதான் தீர்ப்பு சொல்ல முடியும்."

"சார், இருக்கறது ஒண்ணுதான்."

"எண்ணிக்கை உங்க இலாகா. நான் அதுக்குள்ள வரல்ல."

மான் தழையைத் தின்றது. 'மந்தை ஒருமனதாகச் சாப்பிடுகிறது' என்று குழு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். மான் தலையை வடக்கே திருப்பி, உடம்பைக் கிழக்கே வைத்திருந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிளவு தெரியுதே" என்றார். மான் உடம்பையும் வடக்கே திருப்பியது. "சமரசம் ஆயிடுச்சு" என்று மீண்டும் சாய்ந்தார்.

மதியம் வரை இப்படியே போயிற்று. வெயில் காலடிக்கு வந்ததும் குழுவுக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. பக்கத்தில் வந்து நின்ற சூப்பிரண்டைப் பார்த்துச் சொன்னார்:

"சிக்கல் எங்கே இருக்குன்னா, ஒண்ணே ஒண்ணு இருந்தா அது மந்தையே இல்ல. தனிமரம் தோப்பாகாது. ஹெர்ட்ங்கற சொல்லைத் தூக்கிடுங்க. வெறும் மான், டியர்னு போடுங்க. சண்டை தீந்துது."

சூப்பிரண்டின் முகம் மலர்ந்தது. தான் எடுக்காத ஒரு முடிவு தன் கண்ணெதிரே எடுக்கப்படுவதைப் போல அவருக்கு இன்பமானது வேறில்லை. "பிரமாதம் சார். எழுதிக் குடுத்துடுங்க."

மான்காரி கையிலிருந்த தழைக்கட்டைக் கீழே வைத்தாள். "மந்தை இல்லேன்னா அப்ப நான் யாரு சார்? உத்தரவுல மந்தை உள்ளவரைன்னுதானே இருக்கு?"

குழு அவளைப் பரிவோடு பார்த்தார். "நீங்க இலக்கணத்துல வரலம்மா."

சூப்பிரண்டு தொண்டையைச் செருமினார். "ஏம்மா, நான் ஒண்ணும் செய்யறதுக்கில்ல. நாளன்னைக்கு மேலிடத்துல இருந்து ஆய்வு டீம் வருது. ஆள் இல்லாத குழு, வேலை இல்லாத வேலை எல்லாத்தையும் எண்ணிப் பாத்துக் கலைக்கப் போறாங்களாம். அவங்க எண்ணும்போது மந்தைல ஒண்ணுதான் இருந்துதுன்னா, இஸ்ஸும் போச்சு, ஆரும் போச்சு, உன் வேலையும் போச்சு."

ஆள் இல்லாத குழு என்றதும் குழு தம் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை.

மான்காரியின் வீட்டுக்காரர் பூங்காவுக்கு எதிர்ச் சாரியில் சலூன் வைத்திருந்தார். அவள் போனபோது ஒருவர் கழுத்தில் துணியோடு கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். வீட்டுக்காரர் கிருதாவை அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? மான் ஏதும் சொல்லிடுச்சா?"

"அவங்க ஒண்ணும் சொல்லல. குழுதான் சொல்லிட்டாரு. மந்தையே இல்லயாம்."

அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் கத்தரியை நிறுத்தாமல் கேட்டார். கேட்டு முடித்துச் சீப்பில் ஒட்டிய முடியை ஊதிவிட்டு, "இதுல நம்ம பக்கம் ஒரு நியாயம் இருக்கு. மரியாதை குடுத்தா ஒருத்தரே பலராயிடறாரு இல்ல? மாமா வந்தாங்க, சித்தப்பா சொன்னாங்கன்றோம். மானும் வந்தாங்கன்னு வெச்சுக்கிட்டா மந்தைதானே?" என்றார்.

"இங்கிலீசுல அந்த மரியாதை கிடையாதாம்."

"பாவம், எப்படித்தான் குடும்பம் நடத்தறாங்களோ."

"விளையாடாதீங்க. வேலை போச்சுன்னா அப்புறம் நானும் இங்கதான் வந்து உக்காரணும்."

"வா, முடி கூட்ட ஆள் வேணும்" என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் கத்தரியைக் கீழே வைத்தார். "சரி, கொஞ்சம் வாசல்ல போய் நின்னு, கடையைப் பாரு. எத்தனை பேர் இருக்காங்க?"

அவள் வாசலில் நின்று பார்த்தாள். சுவரில் ஒரு கண்ணாடி, எதிர்ச் சுவரில் ஒரு கண்ணாடி. துணி போர்த்திய ஒரே வாடிக்கையாளர், ஒருவருக்குப் பின் ஒருவராக, கண்ணெட்டும் தூரம்வரை சாய்ந்து கிடந்தார். அவர்கள் அத்தனை பேருக்கும் அத்தனை வீட்டுக்காரர்கள் முடி வெட்டக் காத்திருந்தார்கள்.

"கடை தொடங்கின புதுசுல ஈ ஓட்டிக்கிட்டு இருந்தப்ப, இந்தக் கண்ணாடிதான் சோறு போட்டுது. உள்ள ஒருத்தன் உக்காந்தா போதும், வெளிய இருந்து பாக்கறவன் 'ஐயோ, கூட்டமா இருக்கே, நல்ல கடைபோல'ன்னு உள்ள வந்துடுவான். பரண்ல ஒரு பழைய கண்ணாடி கிடக்கு. கொண்டுபோய் உன் மானுக்கு எதிர்ல வை."

துணிக்குள் இருந்தவர் கண்ணைத் திறந்தார். "அப்ப நான் அன்னைக்கு ஏமாந்துதான் உள்ள வந்தேனா?"

"தலையை ஆட்டாதீங்க, காது போயிடும்" என்றார் வீட்டுக்காரர்.

மறுநாள் காலையில் ஆளுயரக் கண்ணாடி கொட்டகையின் பின்சுவரில் ஏறியது. மான் முட்டி உடைத்துவிடாமல் மான்காரி முன்னால் கம்பிவலை கட்டினாள். மான் வந்தது. எதிரே இன்னொரு மானைக் கண்டது. பல வருஷமாகப் பேச்சுத்துணை இல்லாத அந்தக் கிழம் அப்படியே நின்றது. பிறகு காலைத் தட்டியது. எதிரியும் தட்டியது. இது கொம்பைத் தாழ்த்தியது, அதுவும் தாழ்த்தியது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் செருமின.

எழுதிக் கொடுக்கும் முன் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வந்த குழு, வேலியைப் பிடித்துக்கொண்டார்.

"கருத்து வேறுபாடு!" என்றார். "ஆர்! சந்தேகமே இல்ல, ஆர்!"

"அப்ப மந்தை இருக்கு இல்ல சார்?"

"இருக்காவா? இருக்கு, இருக்காங்க, எப்படி வேணும்னாலும் சொல்லலாம்." குழு கதவைத் திறந்துகொண்டு உள்ளேயே வந்துவிட்டார். கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றவர், சட்டென்று பேச்சை நிறுத்தினார். எதிரே ஒரு பெரியவர். அதே மூக்குக் கண்ணாடி, அதே குடை, அதே கல்வி. குழு தலைமுடியை ஒதுக்கினார். அவரும் ஒதுக்கினார். குழு மெல்லத் தலையசைத்தார். அவர் தயங்காமல் ஆமோதித்தார். இத்தனை வருஷத்தில் குழுவில் இவ்வளவு ஒத்துப்போகும் உறுப்பினர் வாய்த்ததே இல்லை.

"இந்தக் கண்ணாடி யாரோடது?" என்றார், திரும்பாமலே.

"எங்க வீட்டுக்காரரோடது சார்."

"பூங்காவுக்குள்ள வந்துட்டா பூங்காவோடது."

அரை மணியில் சூப்பிரண்டின் வாய்மொழி உத்தரவோடு இரண்டு பேர் வந்து கண்ணாடியைக் கழற்றிக் கொண்டு போய்க் குழுவின் அறையில் மாட்டினார்கள். மான் வெறும் சுவரைப் பார்த்து நின்றது. மான்காரி மானைப் பார்த்து நின்றாள்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பொறுக்கவில்லை. நேரே குழுவின் அறைக்குப் போனாள். உள்ளே கூட்டம் நடந்துகொண்டிருந்தது. குழு கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்து, "நான் சொல்றதை உறுப்பினர் ஏத்துக்கறாருன்னு எடுத்துக்கலாமா?" என்று கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். குடை மூலையில் கிடந்தது. அதற்குப் பதவி போய்விட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது.

"சார், என் கண்ணாடியைக் குடுங்க. நாளைக்கு டீம் வருது."

"டீம் வர்றதாலதாம்மா குடுக்க முடியாது. அவர் இல்லேன்னா கூட்டத்துக்கு ரெண்டு பேர்ங்கற கோரம் இல்ல. குழு கலைஞ்சுடும். அப்புறம் காலைல சட்டை போட்டுக்கிட்டு நான் எங்கே போவேன்? வீட்டுல மருமகள் கீரை ஆயச் சொல்றா."

அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். மான்காரி மூலையில் கிடந்த குடையை எடுத்து நேராகச் சாய்த்து வைத்தாள். பிறகு வழக்கம்போலத் தன் வேலை ஞாபகம் வந்தது.

"சார், ஒண்ணு கேக்கறேன். இப்ப குழுகிட்ட என்ன வேலை பாக்கி இருக்கு?"

"மந்தை போர்டு ஒண்ணுதான்."

"நாளைக்கு டீம் வந்து மந்தை இல்லன்னு எழுதிட்டா போர்டு இருக்காது. போர்டு இல்லேன்னா குழு எதுக்குன்னு கேப்பாங்க. நீங்க ரெண்டு பேரா இருந்தாலும் ரெண்டு பேரையும்தான் வீட்டுக்கு அனுப்புவாங்க."

குழு கண்ணாடியில் இருந்தவரைப் பார்த்தார். அவரும் கவலையாகத்தான் தெரிந்தார்.

"அப்ப என்ன செய்யலாம்னு சொல்றே?"

"கூட்டத்தைக் கொட்டகையில வெச்சுக்கங்க. கண்ணாடி ஒண்ணு போதும். அவங்களும் தெரிவாங்க, நீங்களும் தெரிவீங்க."

"மானோட சரிசமமா உக்காரச் சொல்றியா?"

"அவங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க சார்."

அடுத்த நாள் கண்ணாடி பின்சுவருக்குத் திரும்பியது. கொட்டகைக்குள் ஐந்து நாற்காலி போடப்பட்டது. ஐந்து டீ வந்தது. குழு நடுநாற்காலியில் உட்கார்ந்தார், கண்ணாடிக்குள்ளும் உட்கார்ந்தார். மான் அவருக்குப் பின்னால் நின்று அவருடைய சட்டைக் காலரை முகர்ந்தது. வாசலில் சூப்பிரண்டு கைகட்டி நின்றார். மூன்று பேர் கொண்ட ஆய்வு டீமுக்கு மூன்று சாப்பாடு ஏற்பாடாகியிருந்தது.

கார் வந்து நின்றது. ஒருவர் இறங்கினார். சூப்பிரண்டு மற்ற இருவருக்காகக் கார்க்கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். யாரும் இறங்கவில்லை.

"டீம் வந்தாச்சு. போகலாமா?" என்றார் இறங்கியவர்.

"மத்தவங்க..."

"டீம் வந்தாச்சுன்னு சொன்னேனே." பேச்சை வளர்க்க விரும்பாத குரல். சூப்பிரண்டு காலிக் காரைப் பார்த்து ஒரு வணக்கம் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

டீம் கொட்டகைக்குள் நுழைந்தார். மானை எண்ணினார், கண்ணாடி மானையும் எண்ணினார். "மந்தை, ரெண்டு" என்றார். குழுவை எண்ணினார். "குழு, ரெண்டு." மான்காரிக்கு மூச்சு வந்தது. அதோடு போயிருக்கலாம். ஆனால் டீம் ஓரடி முன்னால் வைத்து, கண்ணாடியில் தம்மையே பார்த்துவிட்டார்.

டீம் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தார். குரல் தழைந்து வந்தது.

"இது... நல்லா இருக்கே. ஆனா ரெண்டுதானே தெரியுது? நாங்க மூணு பேர்."

எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பூங்காவில் அந்த நிமிஷத்தில் எல்லாருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது. மான்காரி, "ஒரு நிமிஷம் இருங்க சார்" என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து ஓடினாள்.

வீட்டுக்காரர் கடைக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாதிச் சவரத்தில் விடப்பட்ட ஒருவர் நுரை முகத்தோடு பின்னாலேயே வந்தார். பின்சுவர்க் கண்ணாடிக்கு நேர் எதிரே வீட்டுக்காரர் அதை நிமிர்த்திப் பிடித்தார். கண்ணாடிக்குக் கீழே அவருடைய இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

"இப்ப சரியா? பின்பக்கம் போதுமா, இன்னும் கொஞ்சம் எடுக்கணுமா?" என்று பழக்க தோஷத்தில் கேட்டார்.

டீம் திரும்பிப் பார்த்தார். மூன்று என்ன, முப்பது என்ன. டீமுக்குப் பின் டீமாக ஒரு பட்டாளமே கழுத்துப்பட்டையோடு நின்றது. குழுவுக்குப் பின் குழுவாக ஒரு மகாநாடு டீ குடித்தது. வளைந்த கொம்புகள் வனாந்தரம் போல் தொலைதூரம் வரை நீண்டன. நுரை முகத்துக்காரரும் அதில் பல இடங்களில் தெரிந்தார். அவரை யார் கணக்கில் சேர்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. டீம் விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார். கூடவே எண்ணற்ற விரல்கள் நீண்டதும் தடுமாறிக் கைவிட்டார். பெருமிதத்தில் அவருக்குக் கண் கலங்கியிருந்தது. மூன்று சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டு, "முழு டீமுக்கும் திருப்தி" என்று சொல்லிக் காரில் ஏறினார்.

"என் வேலை?" என்றாள் மான்காரி.

"இவ்வளவு பெரிய மந்தையை நான் பாத்ததே இல்லம்மா" என்றார் டீம். கார் போய்விட்டது.

அந்தப் பதிலில் ஏதோ இடித்தது. வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர், "பெரிய மந்தைன்னா பெரிய வேலை. துணைக்கு ஆள்கூடப் போடுவாங்க" என்றார். அவள் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

பயந்தது சரியாகவே போயிற்று. உத்தரவு வந்ததும் சூப்பிரண்டு எல்லாரையும் கொட்டகைக்கு வரவழைத்துப் படித்தார். "மந்தையின் எண்ணிக்கை, கொட்டகையின் பரப்பளவை மிகப் பெரிதும் மீறியுள்ளது கண்டறியப்பட்டது. எனவே உபரி மான்களை உடனடியாக அப்புறப்படுத்த வேண்டியது."

மான்காரி மானின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். "எங்க கூட்டிட்டுப் போவாங்க? வயசானவங்க சார். வண்டியில நிக்கக்கூட மாட்டாங்க."

"இரும்மா, முழுசா படிக்க விடு. 'ஒரு மானை மட்டும் தக்கவைத்துக்கொள்ளவும். இனி இப்பூங்காவில் மந்தை என்பது ஒரு மானையே குறிக்கும். அதற்குரிய காவலர் பணியிடம் நிரந்தரமாகத் தொடரும்.'"

அவள் கையைத் தளர்த்தினாள். விட்டுவிடவில்லை.

"இன்னொரு பத்தி இருக்கு. 'மொழிச் சீர்மைக் குழுவில் உறுப்பினர்கள் அளவுக்கு மீறி இருப்பதால், ஒருவரைத் தவிர ஏனையோர் நன்றியுடன் விடுவிக்கப்படுகிறார்கள்.'"

"அந்த ஒருத்தர் யாரு?" என்று குழு பதறினார்.

"நீங்கதான் சார். கண்ணாடிக்கு வெளிய இருக்கறவர்."

ஆய்வு டீமில் எத்தனை பேர் உபரி என்பது பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது. இரண்டு கண்ணாடி வைத்தாலும் தெரியாது போலும்.

மறுநாள் உபரி மான்களை ஏற்றிப்போக வண்டி வந்தது. டிரைவர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க சார் மான்லாம்?" என்றார். சூப்பிரண்டு சுவரோரம் சாய்த்து வைத்திருந்த இரண்டு கண்ணாடிகளையும் காட்டினார். டிரைவர் கொஞ்ச நேரம் அவற்றையும் சூப்பிரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அரசாங்க வண்டி ஓட்டிப் பழகியவர். வியப்பதை எப்போதோ விட்டுவிட்டவர்.

"வைக்கோல் போட்டு ஏத்தணுமா, சும்மா ஏத்தலாமா?"

"போட்டே ஏத்திடுங்க. அடிபடக் கூடாது."

வீட்டுக்காரர் கடைசி முயற்சியாக, "சார், அதுல ஒண்ணு என் கடைக் கண்ணாடி. பாதிச் சவரத்துல ஒருத்தர் இன்னும் அப்படியே உக்காந்திருக்காரு" என்றார்.

"உபரி மான் உள்ள இருக்குப்பா. எப்படிக் குடுக்க முடியும்?" என்றார் சூப்பிரண்டு.

கண்ணாடிகளை ஏற்றும்போது குழு குடையோடு வந்து நின்றார். விடுவிக்கப்பட்ட உறுப்பினருக்கு ஒரு டீ கொண்டு வந்திருந்தார். கண்ணாடி முன் அதை நீட்டினார். அவரும் ஒரு டீயை நீட்டினார். இருவரும் மற்றவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று நின்றதில் டீ ஆறிப்போனது. "என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல" என்று குழு மான்காரியிடம் சொன்னார். வண்டி கிளம்பியபோது உபரி உறுப்பினர் வைக்கோலுக்கு மேல் ஒருமுறை ஆடித் தெரிந்து மறைந்தார்.

"போர்டுக்கு என்ன சார் எழுதட்டும்?" என்று பின்னாலிருந்து பெயிண்டர் கேட்டார். அவர் தூரிகை இந்நேரம் கல்லாகியிருந்தது.

"இஸ்" என்றார் குழு சோர்வாக. "ஆர்னு சொல்ல இப்ப யாரு இருக்கா?"

எல்லாரும் போன பிறகு மான்காரி தழைக்கட்டைப் பிரித்துப் போட்டாள். மான் வரவில்லை. பின்சுவரில் கண்ணாடி இருந்த இடத்தில் நின்று காலைத் தட்டியது. பதில் வருமா என்று காதைத் திருப்பியது. மறுபடி தட்டியது.

"அவங்கல்லாம் மாத்தலாயிட்டாங்க" என்றாள் மான்காரி. "இனிமே இங்க மந்தைன்னா நீங்கதான். உத்தரவே வந்தாச்சு. வாங்க, வந்து சாப்பிடுங்க."

மான் கொஞ்சம் யோசித்தது. பிறகு திரும்பி வந்து அவள் காலடியில் கிடந்த தழையில் வாய் வைத்தது. மந்தை ஒருமனதாகச் சாப்பிட்டது.